பெட்டி மட்டும் தரையிலேயே இருந்துவிட்டது

முதுகு பிடித்துக்கொண்ட அன்று நான் கனமாக எதையும் தூக்கவில்லை. யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். முந்தின நாள்தான் ஒரு வீட்டுக்குத் தேக்குக் கதவும் நிலையும் கொண்டுபோய் இறக்கி, குறுகலான மாடிப்படியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டு வந்தோம். அப்போது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் தச்சுப் பட்டறையைத் திறந்து, தூக்கம்கூடச் சரியாகக் கலையாத கண்ணோடு, பெஞ்சுக்கு அடியில் கிடக்கிற பெட்டியிலிருந்து ஒரு உப்புத்தாள் எடுக்கக் குனிந்தேன். 120-ஆம் நம்பர் தாள், வெறும் காகிதம். குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். இடுப்புக்குள் யாரோ கம்பியைச் சொருகி முறுக்கின மாதிரி இருந்தது, நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

கூட வேலை பார்க்கிற பையன் அப்போதுதான் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். "அண்ணாச்சி, என்னத்தத் தேடுதீய?" என்று கேட்டுவிட்டு அவனும் என் பக்கத்தில் குனிந்து பெட்டிக்குள் பார்த்தான். "தேடலடே, முதுகு பிடிச்சிட்டு" என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அம்மா வாயு என்றாள், பூண்டைத் தட்டிப் பாலில் போட்டுக் கொடுத்தாள். எதிர்க் கடைக்காரர் சுளுக்கு வழிக்க ஒரு ஆளைச் சொன்னார், கையோடு கூட்டி வரவா என்றும் கேட்டார். நல்லவேளை, வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். கீழ்முதுகில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் இருக்கிற தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, கொஞ்ச நாள் ஓய்வு, அப்புறம் பயிற்சி என்றார்கள். (கால் மரத்துப்போகிறது, ஒன்றுக்கு இரண்டுக்குப் போவது கட்டுக்குள் இல்லை என்றால் இந்தக் கட்டுரையை எல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஓடுங்கள். எனக்கு அதெல்லாம் இல்லை.)

பிசியோதெரபி கொடுத்த தங்கச்சிதான் அந்தக் கேள்வியைக் கேட்டது. "ஒரு நாளைக்கு எத்தன தடவண்ணா குனிவீங்க?" ஒரு இருபது, முப்பது இருக்கும் என்றேன். அது சிரித்துவிட்டு, எண்ணிப் பார்த்து அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள் என்றது.

எண்ணினேன். நான் வேலை செய்ய முடியாததால் பையனை எண்ணினேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் பட்டறை வாசலில் போட்டு, மடியில் ஒரு பிளைவுட் துண்டு, கையில் சாக்பீஸ், அவன் குனிகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு, நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார்கள், நடந்துகொண்டும் எண்ணினேன். முதலில் பையனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, அவன் வேலை செய்கிறானா என்று வேவு பார்க்கிறேன் என்று நினைத்திருப்பான் போல. மத்தியானத்துக்கு மேல் மறந்துவிட்டான். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் 187.

அதைப் பிரித்து எழுதினபோதுதான் எனக்கு உறைத்தது. கருவிப் பெட்டிக்காகக் குனிந்தது 64. மரத்துண்டு, பலகை எடுக்க 38. மெஷின் சொருகுகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கிறதே, அதில் சொருகவும் பிடுங்கவும் மட்டும் 31. ஸ்க்ரூ, ஆணி, பெவிகால் டப்பா என்று 27. கீழே விழுந்ததைப் பொறுக்க 20, அதில் பென்சில் மட்டும் ஒன்பது தடவை. நாங்கள் காலமெல்லாம் பயந்துகொண்டிருக்கிற கனமான சாமான் தூக்கும் வேலை வெறும் 7.

இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஐம்பது வருஷம் இதே தச்சு வேலை பார்த்தவர். முட்டி தேய்ந்து போய்விட்டது, ஆனால் முதுகுவலி என்று அவர் படுத்து நான் பார்த்ததில்லை. "நாங்க எங்கய்யா குனிஞ்சோம்? உக்காந்துல்லா வேல பாத்தோம்" என்றார்.

அது ஒரு சாதாரணப் பேச்சாகத்தான் வந்தது, நானும் ஆமாம் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வராமல் ஒருக்களித்துக் கிடக்கும்போதுதான் பொறி தட்டியது.

அப்பா வேலை பார்க்கிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். தரையில் ஒரு மணை, அதில் உட்காருவார். இழைக்க வேண்டிய சட்டத்தை ஒரு முளையில் முட்டுக் கொடுத்து, கால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார், அவருக்குக் கால்தான் வைஸ். வலது பக்கம் ஒரு சாக்கை விரித்து உளிகளை அகலவாரியாகப் பரப்பியிருப்பார், கால் அங்குலம், அரை அங்குலம், முக்கால், ஒன்று. முட்டிக்குப் பக்கத்தில் உளியை அடிக்கிற கொட்டாப்புளி. இடது பக்கம் மூலைமட்டமும் இழைப்புளியும். பின்னால் கொஞ்சம் தள்ளி எண்ணெய்க்கல். வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை வலப்பக்கம் நீட்டினால் அரை அங்குல உளி கைக்குள் வந்து உட்காரும். எடுத்த உளியை வைக்கும்போதும் பார்க்க மாட்டார். தரையில் உட்கார்ந்தவனுக்குத் தரைதான் மேஜை. அவர் குனிந்து எடுத்தது என்று ஒன்றுமே இல்லை.

அந்தக் கருவிகளைப் போட்டு வைக்க ஒரு மரப்பெட்டி. அது பட்டறையில் வைப்பதற்காகச் செய்த பெட்டியே இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் வீட்டுக்கே போய்த்தான் கதவும் ஜன்னலும் செய்து கொடுப்பார்கள். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போக, ராத்திரி பூட்டி வைக்க, சாரல் காலத்தில் துரு ஏறாமல் இருக்க என்று செய்த பெட்டி. போன இடத்தில் தரையில் இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்து, திறந்துகொள்வார்.

நான் தலையெடுத்தபோது பிளைவுட்டும் சன்மைக்காவும் வந்துவிட்டன. எட்டுக்கு நாலு ஷீட்டைக் கால் கட்டைவிரலால் பிடித்து அறுக்க முடியாது. கட்டிங் மெஷின், பிளானர், ஓரமும் பள்ளமும் வெட்டுகிற ரௌட்டர் எல்லாம் வந்தன, எல்லாமே நின்றுகொண்டு ஓட்டுகிற சாமான். சரி என்று பெஞ்சு போட்டேன், எழுந்து நின்றேன். வேலை இரண்டே முக்கால் அடி மேலே வந்துவிட்டது. பெட்டி மட்டும் சைக்கிளிலிருந்து இறக்கின இடத்தில், தரையிலேயே இருந்துவிட்டது. அதோடு கூட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்க்ரூ டப்பா, பெவிகால் எல்லாம் பெட்டிக்குத் துணையாகத் தரையிலேயே சேர்ந்துகொண்டன. இருபது வருஷமாக நான் அப்பாவின் தரைக்கும் என் பெஞ்சுக்கும் நடுவில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எட்டிப் பாருங்கள், லேத் பட்டறை, டூ வீலர் ஒர்க்‌ஷாப், வெல்டிங் கடை எதுவானாலும் சரி, ஆள் நிற்பான், ஸ்பேனர் தரையில் சாக்கில் கிடக்கும்.

படுத்துக்கிடந்த நாட்களில் செல்போனில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். வெறும் காகிதம் எடுக்கக் குனிந்ததற்கா இவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. ஜெர்மனியில் உல்ம் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, தானாக முன்வந்த ஒரு ஆளின் முதுகெலும்புத் தட்டுக்குள்ளேயே அழுத்தம் அளக்கிற சென்சாரை வைத்து, அவரை நிற்க, உட்கார, குனிய, தூக்க வைத்து அளந்திருக்கிறார்கள், 1999-இல் வெளியிட்டார்கள். நேராக நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்துக்கான அலகு). கையில் ஒன்றுமே இல்லாமல் முன்னால் குனிந்தாலே 1.1. இருபது கிலோவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கினால் 2.3. அதே இருபது கிலோவை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் 1.1. இரண்டு 1.1-ஐயும் சேர்த்துப் படியுங்கள். சும்மா குனிவதும், இருபது கிலோவை உடம்போடு அணைத்துப் பிடிப்பதும் தட்டுக்கு ஒரே பாடு. ஒரே ஒரு ஆளிடம் அளந்ததுதான், எல்லாருக்கும் அச்சு அசலாக இதே எண் வராது, ஆனாலும் எனக்கு அது போதும். குனியும்போது நாம் எடுக்கப்போகிற சாமானை மட்டுமா தூக்குகிறோம், தலை, கை, நெஞ்சு என்று உடம்பு எடையில் பாதிக்கு மேலானதைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றுகிறோம். உப்புத்தாள் அதில் ஒரு சாக்கு.

காலை நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ராத்திரி படுத்திருக்கும்போது தட்டுகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், அதனால்தான் காலையில் நாம் எல்லாருமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் அந்தத் தட்டுகள் விறைப்பாக இருக்கும், அப்போது குனிந்தால் மற்ற நேரத்தைவிட அதிகம் பாடுபடும். நான் குனிந்தது எழுந்து முக்கால் மணி நேரத்தில். இப்போது பட்டறையை மூடுவதற்கு முன்னால், மறுநாள் காலை முதல் வேலைக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துப் பெஞ்சு மேல் வைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறேன்.

இன்னொன்று அமெரிக்க அரசின் நியோஷ் என்கிற ஆராய்ச்சி நிறுவனம் 1981-இல் போட்டு 1991-இல் திருத்தின தூக்குக் கணக்கு. எல்லாம் சரியாக அமைந்தால், அதாவது சாமான் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்துக்குள், திரும்பாமல் தூக்கினால், 23 கிலோ வரை பரவாயில்லை என்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு கோணலுக்கும் கழித்துக்கொண்டே போக வேண்டும். என் பெட்டி இருந்த நிலைமையைப் போட்டுப் பார்த்தேன்: சாமான் தரையில், பெஞ்சுக்கு அடியில் என்பதால் கை அரை மீட்டர் முன்னால் நீள்கிறது, தரையிலிருந்து பெஞ்சு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். 23 கிலோ சரசரவென்று இறங்கி 8 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. அதோடு இடுப்பை 45 டிகிரி திருப்பினால் 7-க்கும் கீழே. எத்தனை தடவை என்பதற்கு இனிமேல்தான் கழிக்க வேண்டும். அந்தப் பெட்டியை நான் முழுசாக இழுத்து நகர்த்துவேன், கருவிகளோடு முப்பது கிலோ இருக்கும்.

இதையெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு கொத்தனார் கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. பிராங்க் கில்பிரெத், அமெரிக்கர், 1885-இல் பதினேழு வயதில் செங்கல் கட்டப் பழகப் போனவர். இரண்டேகால் கிலோ செங்கல் ஒன்றுக்காக மனிதன் 68 கிலோ உடம்பை இரண்டடி இறக்கி ஏற்றுகிறானே, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை, இது என்ன கூத்து என்பதுதான் விஷயம். சுவர் உயர உயரத் தானும் உயர்கிற மாதிரி சாரத்தை அமைத்து, அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டு போட்டு, செங்கல்லையும் சாந்தையும் அதில் வைக்கச் சொன்னார். ஒரு கல் வைக்க 18 அசைவாக இருந்தது 5 ஆனது, மணிக்கு 120 கல் கட்டினவர்கள் 350 கட்டினார்கள். நம் ஊரில் இன்றைக்கும் சாந்துச் சட்டி கொத்தனார் காலடியில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டுகிறார்கள், இதைச் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்து, நமக்கென்ன என்று வந்துவிட்டேன்.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

முதல் நாள் செய்தது காசில்லாத வேலை. பழைய ஸ்டூல் இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேலே பலகை வைத்து, பெட்டியைத் தூக்கி (நான் தூக்கவில்லை, பையனும் எதிர்க் கடைக்காரரும்) அதன்மேல் வைத்தோம். பெட்டியின் வாய் இடுப்புக்கு வந்தது. அன்றைக்கே 64 போச்சு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து எடுத்துப் பெஞ்சின் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன், 31 போச்சு. அரை நாளில் பாதிக் குனிச்சல் தீர்ந்தது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த இரண்டை மட்டும் செய்யுங்கள்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் யூடியூபில் வெளிநாட்டுப் பட்டறைகளாகப் பார்த்து ஆசை வந்துவிட்டது. சுவர் முழுக்கக் கருவி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் நிழல் மாதிரி ஒரு வரைபடம், எடுத்தால் காலி இடம் பளிச்சென்று தெரியும். பெஞ்சுக்குப் பின்னால் மேற்குச் சுவரில் எட்டுக்கு நாலு பிளைவுட்டை அடித்து அப்படியே செய்தேன். பத்து நாள் வேலை. போட்டோ எடுத்துப் போட்டதும் சொந்தக்காரர் எல்லாம் ஆஹா ஓஹோ என்றார்கள். அழகு என்றால் அழகு. ஆனால் பெஞ்சு இரண்டரை அடி அகலம், அதைத் தாண்டிச் சுவரில் இருக்கிற உளியை எடுக்க இடுப்பைப் பெஞ்சில் முட்டி முன்னால் சாய்ந்து கையை முழுசாக நீட்ட வேண்டும். அதுவும் குனிவதுதான், கீழே போவதற்குப் பதில் முன்னால் போகிறோம், அவ்வளவுதான். மேல் வரிசைக்கு ஸ்டூல் போட வேண்டும். ஜூன் மாசம் சாரல் தொடங்கினதும் மேற்குச் சுவரில் ஈரம் கசிந்து ஓதம் ஏறியது. அரை அங்குல உளியில் செம்மண் நிறத்தில் பூத்திருந்ததைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் மூடியை ஒரு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டே மாசத்தில் கழற்றினேன்.

அடுத்த தடவை போட்டோவைப் பார்க்காமல் என் உடம்பைப் பார்த்து ஆரம்பித்தேன். நேராக நின்று கையைத் தொங்கப்போட்டேன், மணிக்கட்டுக்குக் கீழே விரல்முட்டி எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே பையனைச் சுவரில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னேன். இரண்டரை அடி. அப்புறம் தோள் உயரத்தில் ஒரு கோடு, நாலே முக்கால் அடி. இரண்டு கோட்டையும் பட்டறையைச் சுற்றி நாலு சுவரிலும் இழுத்தோம். தினமும் கை படுகிற சாமான் எல்லாம் இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில். அதற்குள்ளும் கனமானது கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில், லேசானது மேல் கோட்டுக்குப் பக்கத்தில். வாரத்துக்கு ஒரு தடவை எடுப்பது கோட்டுக்கு வெளியே. வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பது பட்டறைக்கே வெளியே, மாடியில். அப்பா வந்து கோட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா, வெள்ளம் வந்த அடையாளமா?" என்று கேட்டார்.

கருவி மாட்டுகிற பலகையைப் பெஞ்சுக்குப் பின்னால் இருந்து எடுத்து, பெஞ்சுக்கு வலப்பக்கம், ஓதம் இல்லாத சுவருக்கு மாற்றினேன். நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டு எடுத்து வைத்துத் திரும்பினால் முகத்துக்கு நேராக இருக்கும். இடுப்பை முறுக்காமல் காலைத் திருப்பிப் போகிற தூரம் அது, அதனால் வேண்டுமென்றே கை நீட்டினால் எட்டாத தூரத்தில் வைத்தேன். மாட்டும் முறையும் மாற்றினேன். 18 மில்லி பிளைவுட்டை நாலு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, ஒரு விளிம்பை 45 டிகிரி சாய்வாக அறுத்து, சாய்வு மேலே சுவரைப் பார்க்கிற மாதிரி படுக்கை வசத்தில் வரிசையாகச் சுவரில் முடுக்கிவிட வேண்டும். உளித் தட்டு, ரம்பம் மாட்டுகிற கொக்கி எல்லாவற்றின் முதுகிலும் இதே சாய்வுப் பட்டையைத் தலைகீழாக ஒட்டினால், ஒன்றின்மேல் ஒன்று கவ்விக்கொள்ளும், எடை கூடக் கூட இறுகும், வேண்டாம் என்றால் தூக்கி வேறு வரிசையில் மாட்டலாம். பிரெஞ்சு கிளீட் என்பார்கள். எந்தக் கருவிக்கு எந்த இடம் என்பது முதல் நாளே தெரியாது, இரண்டு மூன்று மாசம் மாற்றி மாற்றி மாட்டினால்தான் தெரியும், அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஓதத்துக்கும் நல்லது, பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்ன ரீப்பர் கட்டை கொடுத்துவிட்டேன், காற்று போகும். சாரல் மாசங்களில் உளி, இழைப்புளி எல்லாவற்றுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துடைப்பு.

பெஞ்சுக்கு அடியில் முன்பு கதவு வைத்த அலமாரி இருந்தது. அதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே மண்டியிட வேண்டும். முன்னால் இருப்பதை வெளியே எடுத்தால்தான் பின்னால் இருப்பது கிடைக்கும். அதைப் பிரித்து, டெலஸ்கோபிக் சேனல் போட்டு டிராயராக்கினேன். முழுசாக வெளியே வருகிற சேனல் வாங்குங்கள், முக்கால் வாசி வருகிறது ஆகாது, கடைசிக் கால்வாசிக்குள் கையை விட்டுத் துழாவுவதும் குனிவதுதான். மேல் டிராயர் மூன்று அங்குல ஆழம்தான், ட்ரில் பிட், டேப், மூலைமட்டம், நின்றபடி மேலிருந்து பார்த்தாலே எல்லாம் தெரியும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எப்போதாவது எடுக்கிற சாமான். நாலாவது டிராயரை ஆசையில் செய்துவிட்டேன், அது முட்டிக்குக் கீழே இருக்கிறது, இன்றைக்கு அதில் பழைய கீலும் கைப்பிடியும் கிடக்கின்றன, ஒரு பூனையும் அவ்வப்போது படுக்கும்.

மெஷின்கள் இடுப்பு உயரத் தட்டில், ஒன்றன்மேல் ஒன்று இல்லாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஸ்க்ரூ எல்லாம் பழைய பிளாஸ்டிக் பாட்டிலில், மூடியைத் தட்டின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டு, பாட்டிலைத் திருகி மாட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடி பாட்டிலில்தான் முதலில் செய்தேன், ஒன்று நழுவி விழுந்து ஒரு மணி நேரம் குனிந்து பொறுக்கினோம். மரத்துண்டுகளைப் படுக்கப்போட்டு அடுக்குவதை விட்டுவிட்டு டிரம்மில் நிற்க வைத்தேன். செங்கோட்டையில் அறுத்து வருகிற சட்டங்களுக்கு மட்டும் இடுப்பு உயரத்தில் சுவரில் கம்பித் தாங்கிகள். பிளைவுட் ஷீட் முப்பது கிலோவுக்கு மேல், அதை எப்போதும் இரண்டு பேர்தான். பாதி செய்த வேலையைத் தரையில் இறக்கவே கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறேன், இறக்கினதை எப்படியும் மறுபடி ஏற்றத்தான் வேண்டும், சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்று அதற்கென்றே.

கடைசியில் விளக்குமாறு. எத்தனையோ யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்னால் வளைந்தான், அவனுக்கு இருபத்திரண்டு வயசு. நம் விளக்குமாற்றுக்குக் காம்பே கிடையாது. கால் மணி நேரம் தொடர்ந்து குனிந்தேதான் கூட்ட வேண்டும். சாக்பீஸ் கணக்கில் அதை நான் சேர்க்கவே இல்லை, சேர்த்திருந்தால் அது மட்டும் முப்பது கோட்டுக்குச் சமம். அரை அங்குலக் கனத்தில் ஒரு நீளக் கழியை இழைத்து, அதன் நுனியில் விளக்குமாற்றைக் கம்பி சுற்றிக் கட்டினேன். பார்க்கக் கேவலமாக இருந்தாலும் நன்றாகக் கூட்டுகிறது. கீழே விழுகிற ஸ்க்ரூவுக்கு ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பில் கட்டி வைத்திருக்கிறோம். பென்சில் விழுந்தால், ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் தூக்கி, முதுகு வளையாமல் அப்படியே முன்னால் சாய்ந்து எடுப்பது, தங்கச்சி சொல்லிக் கொடுத்தது. முதல் தடவை செய்தபோது, "அண்ணாச்சிக்கு பரதநாட்டியம் வந்துட்டு" என்றான் பையன். இப்போது அவனும் அப்படித்தான் எடுக்கிறான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஐந்தடி ஒன்பது, அவன் ஐந்தடி இரண்டு. நீலக் கோடுகள் என் உடம்புக்குப் போட்டவை. மூன்று மாசம் கழித்துத்தான் கவனித்தேன், மேல் வரிசையில் இருக்கிற ரம்பத்தை அவன் குதிகாலை உயர்த்தித் தோளுக்கு மேலே கையைத் தூக்கி இறக்குகிறான். என்னிடம் சொல்லவில்லை, முதலாளி போட்ட கோடு என்று இருந்துவிட்டான். அவனை நிற்க வைத்து அவனுக்கும் இரண்டு கோடு போட்டோம், சிவப்பில். இரண்டு பேர் கோடும் சேருகிற இடத்துக்குள் இரண்டு பேரும் எடுக்கிற சாமான். மீதியில் அவன் எடுப்பது அவன் கோட்டுக்கு, நான் எடுப்பது என் கோட்டுக்கு. பெஞ்சு உயரத்துக்கு மட்டும் வழியில்லை, அவன் நிற்கிற பக்கம் ஒரு பலகை மேடை போட்டிருக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி சாக்பீஸை எடுத்து எண்ணினேன், இந்தத் தடவை என்னை அவன் எண்ணினான். 52. அதில் பாதிக்கு மேல் மரம் எடுக்க. அதை இன்னும் எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை, ஒன்றுமே குனியாமல் இருந்தாலும் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று தங்கச்சி திட்டுகிறது.

போன தைப் பொங்கலுக்கு முந்தி, அப்பா பட்டறைக்கு வந்து, பேத்திக்கு ஒரு நடைவண்டி செய்கிறேன் என்றார். மணையைப் போட்டு, நல்ல வேப்பம்பலகைத் துண்டாகப் பொறுக்கிக்கொண்டு, பெஞ்சுக்கு ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், கண் பலகையில் இருக்கிறது, வலது கை தரையைத் தடவுகிறது. அரை அங்குல உளியைத் தேடுகிறது. உளி நாலடி உயரத்தில், நான் அவ்வளவு யோசித்துப் போட்ட கோட்டுக்குள், பளபளவென்று மாட்டியிருக்கிறது. பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு, தேய்ந்த முட்டியோடு, எழுந்தார். எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொட்டாப்புளி மேலே. மறுபடி எழுந்தார்.

"கேட்டா எடுத்துத் தர மாட்டேனாப்பா" என்றேன்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒன்னக் கூப்பிட்டுக்கிட்டா இருக்க முடியும்?" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, மிச்சப் பிளைவுட்டில் இரண்டடிக்கு ஓரடியாக, மூன்று அங்குல உயரத்தில் ஒரு தட்டம் செய்தேன். முதுகில் சாய்வுப் பட்டை உண்டு, அவர் போனதும் சுவரில் மாட்டிவிடலாம். உளிகளைக் கால், அரை, முக்கால், ஒன்று என்று அடுக்கி, கொட்டாப்புளியையும் வைத்து, அவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். ஒரு கையால் வலப்பக்கம் நகர்த்தி, முட்டிக்கு நேராகக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்த்து வைத்துக்கொண்டு, பலகையைக் கட்டைவிரலில் அழுத்திப் பிடித்தார்.